இடது விளக்குக்குக் கீழே ஓர் ஒடுக்கு

99 ஏ.பி.ஓ. வழியாக
12.5.2025

அன்புள்ள அக்காவுக்கு,

அழகேசன் எழுதுவது. சுகம் என்று ஒரு வார்த்தையில் எழுதினால் நீ நம்பமாட்டாய். அதனால் விவரமாகவே சொல்கிறேன்: சாப்பாடு இறங்குகிறது, தூக்கம் வருகிறது, காய்ச்சல் இல்லை. அங்கே மாமாவின் சர்க்கரை எப்படி இருக்கிறது? உன் முழங்கால்?

லாரி பானெட் விழுந்த வலது மணிக்கட்டில் கட்டைப் பிரித்துவிட்டார்கள். எலும்பு கூடிவிட்டது. மோதிர விரலும் சுண்டு விரலும்தான் முழுதாக மடங்க மறுக்கின்றன. ஸ்பேனர் பிடிக்கிறவனை ஸ்டோரில் உட்காரவைத்து நட்டு போல்ட்டு எண்ணச் சொல்லியிருக்கிறார்கள். எல்லையில் ராணுவத்துக்குச் சாலை போடுகிற முகாமில் மெக்கானிக்காக இருந்துகொண்டு இப்படி உட்கார்ந்திருப்பது வெட்கமாக இருக்கிறது.

போன வருஷம் பாதியில் விட்ட ரயில் மாடலை எடுத்துப் பார்த்தேன். ஒரு சக்கரம் மாட்ட ஒரு மணி நேரம் ஆயிற்று. மாட்டியதும் கையிலிருந்து நழுவி உடைந்தது. எல்லாவற்றையும் பெட்டியில் போட்டுக் கட்டிவிட்டேன். லீவில் கொண்டுவருகிறேன், யாராவது கேட்டால் கொடுத்துவிடு.

இங்கே டவர் இல்லை என்பது உனக்குத் தெரியும். ரேஷன் வண்டியில் கீழே இறங்குகிற நாளில்தான் போன், அந்த நாளும் நம் கையில் இல்லை. அதனால் கடிதமே எழுது. கோழி கிளறின மாதிரி எழுதியிருக்கிறேன், பொறுத்துக்கொள்.

உன் தம்பி,
அழகேசன்


சென்னீர்குப்பம்
1.6.2025

தம்பி அழகேசனுக்கு,

அக்கா தாட்சாயிணியின் ஆசி. இங்கே வெயில் ஒன்றைத் தவிர எல்லாரும் சௌக்கியம். மாமாவின் சர்க்கரை மாமா சொல்பேச்சைத்தான் கேட்கிறது, மாமா என் பேச்சைக் கேட்பதில்லை.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு மாமாவிடம் காட்டவில்லை. யாருக்காவது கொடுத்துவிடு என்று எழுதினாயே, அந்த இடத்திலேயே நின்றுவிட்டேன். எட்டாம் வகுப்பிலிருந்து தீப்பெட்டி அட்டையில் ரயில் செய்தவன் நீ. கொடுக்க முடியாது, போ.

நீ மூன்று வருஷமாகப் புலம்புகிறாயே, நம் ஆவடி லைன் எலெக்ட்ரிக் ட்ரெயின் மாடல், அதைச் செய்கிற லோகநாதன் ஐயாவைக் கண்டுபிடித்துவிட்டேன். அம்பத்தூரில் பழைய ஊர்ப் பக்கம் சொந்த வீடு. மெஷின் டிராயிங் போடுகிற வேலை. ரயில்வே ஷெட்டில் அனுமதி வாங்கி, மூன்று வருஷம் டேப் வைத்து அளந்து செய்தாராம். ஒட்டிச் சேர்க்கிற ஒவ்வொரு கிட்டும் ரப்பர் அச்சில் அவரே ரெசின் ஊற்றி எடுக்கிறார், நாற்பத்திரண்டு துண்டு. வரிசையில் பதினாலு பேர் காத்திருக்கிறார்கள். கொஞ்சம் முன்னால் தரக்கூடாதா, கூடப் பணம் தருகிறேன் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். "இன்னாம்மா, இது ஓட்டலா, டேபிள் புடிக்கிறதுக்கு?" என்றார். உன் பெயரைப் பதினைந்தாவதாக எழுதிக்கொண்டார்.

ஆனால் நல்ல மனுஷன். உன் கையைப் பற்றிச் சொன்னதும் கண்ணாடி அலமாரியைத் திறந்து, அவர் தனக்கென்று செய்து வைத்திருந்த ரயிலை எடுத்து ஸ்வீட் பாக்ஸில் பஞ்சு வைத்துக் கொடுத்தார். "தம்பிக்கு நல்லா போட்டோ புடிச்சு அனுப்பு. புதன்கெழமை கொண்டாந்துடு" என்றார். அதைக் கையில் வாங்கியதும் திருநின்றவூர் பிளாட்பாரத்தில் நின்ற மாதிரி இருந்தது எனக்கு.

திருமழிசை யூனிட்டில் எனக்கு அதே வேலைதான். உடைந்த பாகம் வரும், ஸ்கேன் செய்து, அதே மாதிரி இன்னொன்றை 3டி பிரிண்டரில் அச்சடித்துக் கொடுக்க வேண்டும். இந்த வாரம் ஒரு டிராக்டர் கியர் வந்திருக்கிறது. பல் பாதி இல்லை, என் மாமியார் மாதிரி.

விரலை மடக்கிப் பழகு. சோம்பேறித்தனம் வேண்டாம்.

அன்புடன்,
அக்கா


சென்னீர்குப்பம்
18.6.2025

தம்பிக்கு,

நலமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். இங்கும் அப்படியே. இத்துடன் ஒரு பெட்டி வருகிறது. திறக்கும்போது கத்தியை ஆழமாக விடாதே.

லோகநாதன் ஐயாவின் ரயில்தான். நாற்பத்திரண்டு துண்டு இல்லை, ஆறே துண்டு. உன் விரலுக்கு இதுதான் சரி. ஒட்டு, பெயிண்ட் அடி. வரிசை என்ன ஆயிற்று என்று கேட்காதே, கிடைத்தது, அவ்வளவுதான்.

யூனிட்டில் இந்த வாரம் வேலை குறைவு. அதனால் கடிதமும் குறைவு.

அக்கா


99 ஏ.பி.ஓ. வழியாக
27.7.2025

என் தெய்வமே, அக்கா,

நான் நலம். நிஜமாகவே நலம். இந்த முறை விவரம் கேட்காமலே நம்பலாம்.

பத்தொன்பது சாயங்காலம் ஆயிற்று. முதல் நாள் பெட்டியைத் திறந்து முன்முகத்தைப் பார்த்துவிட்டு மூடி வைத்துவிட்டேன், பயமாக இருந்தது. ரெசினில் சன்னமாகக் கோடு கோடாக ஏதோ இருந்தது, உப்புத்தாளால் தேய்த்ததும் போய்விட்டது. அப்புறம் ஒட்டினேன். ஜன்னல் ஓரத்தில் பெயிண்ட் அடிக்கும்போது ஒன்று நடந்தது. நான் நினைக்காமலே சுண்டு விரல் மடங்கிப் பிரஷ்ஷைத் தாங்கியது! மறுநாள் டாக்டரிடம் காட்டினேன். "என்ன மருந்து?" என்று இந்தியில் கேட்டார். ரயில் என்றேன்.

ஸ்டோர் மேசையில் நிற்கிறது. ஸ்டோரில் என்னோடு இருக்கிற ராஜஸ்தான்காரர்கூட வந்து, இதில் உங்கள் ஊர் ஸ்டேஷன் எது என்று கேட்கிறார். ரயிலில் எப்படி ஸ்டேஷனைக் காட்டுவது? ஆனாலும் காட்டினேன்.

உனக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை, சொன்னால் நீ திட்டுவாய். ஆனால் லோகநாதன் ஐயாவுக்குச் சொல்லாமல் இருக்க முடியுமா? நீ எழுதிய அடையாளத்தை வைத்து அவருக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். இதே பையில் போகிறது.

மாமாவுக்கு என் வணக்கம்.

அழகேசன்


99 ஏ.பி.ஓ. வழியாக
27.7.2025

பெருமதிப்பிற்குரிய லோகநாதன் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் வீட்டில் உள்ளவர்களும் நலமாக இருக்க வேண்டும். நான் தாட்சாயிணியின் தம்பி அழகேசன். தாங்கள் செய்த ரயில் என்னிடம் வந்து சேர்ந்தது. என் கை சரியாகிறதென்றால் அதற்குக் காரணம் தாங்கள்தான். இது உபசாரத்துக்கு எழுதுவது இல்லை.

ஒவ்வோர் இடமாகச் சொல்கிறேன், கோபிக்கக்கூடாது. கதவுக்குப் பக்கத்துக் கம்பி மேலே சற்று உள்வாங்கியிருக்கிறது. தொங்கிக்கொண்டு போகிறவர்கள் பிடித்துப் பிடித்து அப்படி ஆகும், அதைத் தாங்கள் விடவில்லை. கூரை ஓரத்து மழைத் தடுப்பில் ஒரு மூலை மட்டும் தூக்கியிருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே, முன்பக்கம் இடது விளக்குக்குக் கீழே ஓர் ஒடுக்கு! ஐயா, அந்த வண்டியை நான் பார்த்திருக்கிறேன். பாலிடெக்னிக் படிக்கும்போது அதில்தான் போவேன். ஒடுக்கு வண்டி வந்தால் அன்று லேட் ஆகாது என்று எங்களுக்குள் ஒரு நம்பிக்கை. பெயிண்ட் அடித்துக்கொண்டே வந்தவன் அந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

இவ்வளவு தூரத்தில் என் ஊரை என் மேசைக்குக் கொண்டுவந்ததற்கு நன்றி.

தங்கள் அன்புள்ள,
அழகேசன்


சென்னீர்குப்பம்
12.8.2025

அழகேசா,

உடம்பு நல்லபடியாக இருக்கிறதா என்று கேட்டு எழுதத்தான் உட்கார்ந்தேன். உன் கடிதம் இன்று வந்தது. முதல் பக்கம் படித்துச் சிரித்தேன், சுண்டு விரல் வரும் இடத்தில் அழுதேன், லோகநாதன் ஐயாவுக்கு எழுதியிருக்கிறேன் என்ற இடத்தில் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டேன். அவருக்கு எழுதாதே என்று உன்னைத் தடுக்க ஒரு வழியும் இல்லை. நீ எழுதியே விட்டாய்.

அந்த ரயிலை அவர் கொடுக்கவில்லை. நான் எடுத்தேன்.

போட்டோ எடுக்கக் கொடுத்ததை யூனிட்டுக்குக் கொண்டுபோனேன். பளபளப்பு ஸ்கேனருக்குப் பிடிபடாது, வெள்ளைப் பொடி தெளிக்க வேண்டும். அவர் மூன்று வருஷம் உழைத்ததன் மேல் பவுடர் அடித்துச் சுற்றவிட்டேன். லஞ்ச் நேரம் நாற்பது நிமிஷம், முடிந்துவிட்டது. பஞ்சால் துடைத்துப் புதன்கிழமை திருப்பிக் கொடுத்தேன். "போட்டோ நல்லா வந்துச்சா?" என்றார். வந்தது என்றேன். டீ கொடுத்தார், குடித்தேன். உனக்கு வந்த ஆறு துண்டும் அந்த ஸ்கேன் ஃபைலிலிருந்து அச்சடித்தவை.

அப்போது எனக்குத் தப்பாகவே தெரியவில்லை என்று சொன்னால் அது பொய். தெரிந்தது. ஆனால் நீ எல்லாவற்றையும் பெட்டியில் போட்டுக் கட்டின விஷயம் அதைவிடப் பெரிதாகத் தெரிந்தது. இன்னொரு முறை நீ அப்படி எழுதினாலும் செய்வேனோ என்னவோ.

நீ என்னைப் பற்றி என்ன நினைக்கிறாய் என்று மட்டும் எழுது. சுற்றி வளைக்காதே.

தாட்சாயிணி


அம்பத்தூர்
17.8.2025

திரு. அழகேசன் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் கை குணமாகி வருவது அறிந்தேன், மகிழ்ச்சி. நாங்கள் நலம்.

தாங்கள் நன்றி சொல்லியிருப்பது எதற்கு என்று முதலில் விளங்கவில்லை. தங்கள் பெயர் என் நோட்டில் பதினைந்தாவதாக இருக்கிறது. இன்றுவரை நான் ஒன்பது பேருக்குத்தான் அனுப்பியிருக்கிறேன்.

தாங்கள் குறிப்பிட்ட ஒடுக்கு, பட்டரவாக்கத்தில் ஓர் எருமை குறுக்கே வந்த அன்று விழுந்தது. நான் அந்த வண்டியில் இருந்தேன். அது என் ஞாபகம் என்பதால் வெளியே அனுப்பும் எந்தக் கிட்டிலும் அதை வைப்பதில்லை. என் அலமாரியில் இருக்கும் ஒன்றில் மட்டுமே உண்டு. அந்த ஒன்றை ஜூன் மாதம் மூன்று நாள் தங்கள் சகோதரியிடம் கொடுத்திருந்தேன்.

ஜன்னல் இடுக்கில் வெள்ளையாக இருந்தது என்ன என்பது இப்போது புரிகிறது. பல்பொடி என்று நினைத்தேன்.

இப்படிக்கு,
லோகநாதன்


99 ஏ.பி.ஓ. வழியாக
7.9.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். மழையில் சாலை சரிந்து பத்து நாள் தபால் வரவில்லை. உன் கடிதமும் அவர் கடிதமும் ஒரே பையில் வந்தன. உன்னுடையதை முதலில் பிரித்தேன். அதற்கு நன்றி சொல்ல வேண்டும், அவருடையதை முதலில் பிரித்திருந்தால் உன்னிடம் கத்தியிருப்பேன்.

சுற்றி வளைக்காதே என்றாய். சரி. நீ செய்தது தப்பு. உன்னால்தான் என் விரல் மடங்குகிறது. இரண்டில் எதையும் விட்டுக்கொடுத்து எழுத எனக்குத் தெரியவில்லை.

நானும் ஒன்று சொல்ல வேண்டும். அந்தச் சன்னமான கோடுகள் அச்சடிக்கிற மெஷின் போடுபவை என்று எனக்குத் தெரியாதா? பதினைந்து வருஷமாக மாடல் செய்கிறேன், அக்கா. பார்த்த உடனே தெரிந்தது. உப்புத்தாளை எடுத்துத் தேய்த்துவிட்டு, அவர் இப்போது இப்படித்தான் செய்கிறார் போல என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கேட்டால் நீ உண்மையைச் சொல்லிவிடுவாய் என்று பயம். கோட்டைத் தேய்த்தவன் நான்.

நீ அவர் வீட்டுக்குப் போ. கடிதம் எழுதாதே, நேரில் போ. அந்த ஃபைலை அழித்துவிடு. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அழகேசன்


சென்னீர்குப்பம்
5.10.2025

தம்பிக்கு,

ஆசிகள். மாமாவுக்கு லேசான இருமல், மற்றபடி குறையில்லை. நீ என்னை ஒதுக்கவில்லை என்று தெரிந்ததும் நிம்மதியாகச் சாப்பிட்டேன். பதில் எழுத இவ்வளவு நாளானதற்குக் காரணம் இருக்கிறது.

ஃபைலை அழிக்கப் போனேன். எனக்கு முன்னால் விஷால் அதைத் திறந்திருக்கிறான். எங்கள் யூனிட்டில் பிரிண்டர் பார்க்கிற பையன், ஆவடிக்காரன், நல்ல பிள்ளை. ஆறு ரயில் அடித்து ஃபிரண்ட்ஸுக்குக் கொடுத்திருக்கிறான். கேட்டால், "இன்னாக்கா, ஃபைலுதானே? காப்பி எடுத்தா ஒரிஜினல் கொறைஞ்சா பூடுது?" என்கிறான். ஜூன் மாதம் ஸ்கேனர் முன்னால் நின்று நான் எனக்குச் சொல்லிக்கொண்டதும் இதே வார்த்தைதான். கடைசியில், "குறையலடா. கொடுத்த மனுஷனுக்குத்தான் குறையுது" என்றேன். அவன் பைக்கை எடுத்தான். பட்டாபிராம், முகப்பேர் என்று இரண்டு சாயங்காலம் சுற்றி நாலு ரயிலைத் திரும்ப வாங்கி வந்தோம். ஒன்று பெங்களூர் போய்விட்டது. ஒன்றை யாரிடம் கொடுத்தான் என்று அவனுக்கே தெரியவில்லை. ஃபைலை அழித்தாயிற்று, அந்த இரண்டை அழிக்க முடியாது.

நாலையும் எடுத்துக்கொண்டு அம்பத்தூர் போனேன். லோகநாதன் ஐயா கேட்டைத் திறக்கவில்லை. கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றே எல்லாவற்றையும் சொன்னேன், காணாமல் போன இரண்டையும் சேர்த்து. மன்னிப்பும் கேட்டேன். கேட்டுக்கொண்டே இருந்தார். "ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேம்மா?" என்றார்.

"இல்லைன்னு சொல்லிட்டீங்கன்னா?" என்றேன். யோசித்துச் சொன்னதில்லை, வாயில் வந்துவிட்டது.

முகம் மாறிவிட்டது. கம்பி வழியாகக் கை நீட்டி நாலு ரயிலையும் வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அக்கா


99 ஏ.பி.ஓ. வழியாக
26.10.2025

பெருமதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் நலத்துக்கு வேண்டுகிறேன். என் கை இப்போது ஸ்பேனர் பிடிக்கிறது, போன வாரம் ஒர்க்‌ஷாப்புக்குத் திரும்பிவிட்டேன்.

இத்துடன் ரயிலை அனுப்பியிருக்கிறேன். இதை வைத்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை. உடைத்துப் போடவும் மனம் வரவில்லை. தங்களிடம் இருப்பதுதான் முறை, தாங்கள் என்ன செய்தாலும் சரி. பெயிண்டில் தப்பு இருந்தால் அது மட்டும் என்னுடையது.

அக்காவுக்காக நான் மன்னிப்புக் கேட்கவில்லை, அவர் கேட்டுவிட்டார். நான் எனக்காகக் கேட்கிறேன். தெரிந்தும் கேட்காமல் இருந்தேன்.

முன்பு எழுதிய நன்றியைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. அது அப்படியே இருக்கிறது.

அழகேசன்


அம்பத்தூர்
20.11.2025

அன்பு நண்பர் அழகேசனுக்கு,

கை தேறியது பற்றி மிகுந்த சந்தோஷம். நாங்கள் நலம். பார்சல் பத்திரமாக வந்தது.

தங்கள் சகோதரி கேட்ட கேள்வி ஒன்றரை மாதமாக என்னோடு இருக்கிறது. கேட்டிருந்தால் இல்லை என்று சொல்லியிருப்பேனா? சொல்லியிருப்பேன். ஸ்கேன் செய்கிறேன் என்றால் சிரித்துக்கொண்டே மறுத்து, டீ கொடுத்து அனுப்பியிருப்பேன். அது என் உரிமை, இன்றும் அதை விடமாட்டேன். ஆனால் அப்படி நடந்திருந்தால் தாங்கள் இன்னமும் நட்டு எண்ணிக்கொண்டிருப்பீர்கள் என்பதும் உண்மைதானே. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன், ஒன்று மற்றொன்றைத் தள்ளவில்லை.

நான் செய்ததும் நகல்தான். ரயிலை நானா கண்டுபிடித்தேன்? ஆனால் டேப்பை வைப்பதற்கு முன் ஷெட் வாசலில் ஏழு மாதம் நின்று கேட்டேன். எனக்குத் தெரிந்த வித்தியாசம் அவ்வளவுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒன்பது பேர் கிட் வாங்கினார்கள். நன்றாக இருக்கிறது என்றார்கள். கதவுக் கம்பி உள்வாங்கியிருப்பதை ஒருவரும் பார்க்கவில்லை. அதற்கு எனக்கு நாலு மாதம் ஆயிற்று. பார்த்துச் சொன்ன ஒரே ஆள் தாங்கள். தங்கள் முதல் கடிதத்தை என் மனைவி கிருஷ்ணப்பிரியா மூன்று முறை சத்தமாகப் படித்தாள். கோபத்தில் அதைக் கிழிக்கப் போனவனைத் தடுத்ததும் அவள்தான். அதற்கு அவளுக்கு நன்றி, தங்களுக்கும் நன்றி.

ரயிலைத் திருப்பி அனுப்புகிறேன். அடிப்பக்கம் பாருங்கள், எழுதியிருக்கிறேன்: "அழகேசனுக்கு, என் சம்மதத்துடன்." இந்த ஒன்றுக்கு மட்டும்தான். மற்ற நாலையும் உடைத்துவிட்டேன்.

கிட் தங்கள் முறை வரும்போது வரும். வரிசை மாறாது.

அன்புடன்,
லோகநாதன்


சென்னீர்குப்பம்
8.12.2025

அன்புத் தம்பிக்கு,

உனக்கும் உன் பத்து விரலுக்கும் அக்காவின் ஆசி. இங்கே விட்டு விட்டு மழை. மாமாவின் இருமல் நின்றுவிட்டது.

நேற்று ஞாயிற்றுக்கிழமை லோகநாதன் ஐயா வீட்டிலிருந்து போன். அவர் மனைவி பேசினார்: "வந்துட்டுப் போம்மா. அவரு வாயத் தொறந்து கூப்ட மாட்டாரு. நான் கூப்புடறேன்." எதையும் யோசிக்காமல் பூந்தமல்லியில் பஸ் ஏறிவிட்டேன்.

கேட் திறந்திருந்தது. அவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். என் தோளில் தொங்கிய பையைப் பார்த்தார். "உள்ள வாம்மா. பை மட்டும் வெளிய இருக்கட்டும்" என்றார்.

சுருக்கென்றுதான் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் நியாயம். செருப்புக்குப் பக்கத்தில் பையை வைத்துவிட்டு வெறும் கையோடு உள்ளே போனேன். கிருஷ்ணப்பிரியா அம்மா தோசை ஊற்றினார். அலமாரிப் பக்கம் நான் திரும்பக்கூட இல்லை. ஐயா உன்னைப் பற்றிக் கேட்டார், உன் முகாமில் பனி விழுமா, ராஜஸ்தான்காரர் எப்படி இருக்கிறார் என்றெல்லாம். ராஜஸ்தான்காரர் விஷயம் அவருக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரியாமல் எத்தனை கடிதம் எழுதியிருக்கிறாய் நீ?

இரண்டாவது தோசை தட்டில் விழும்போது மழை பிடித்துக்கொண்டது. தகரத்தில் கல்லை வாரி இறைக்கிற மாதிரி ஒரு சத்தம். எனக்குப் பையின் ஞாபகமே வரவில்லை. அவர் சட்டென்று எழுந்து வெளியே ஓடினார். திரும்பி வந்தபோது தலை, சட்டை எல்லாம் நனைந்து, என் பையை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தார். துண்டை எடுத்து முதலில் பையைத் துடைத்தார், அப்புறம்தான் தலையை. அதைக் கொண்டுபோய்க் கண்ணாடி அலமாரிக்குப் பக்கத்தில் இருந்த நாற்காலியில் வைத்தார்.

"ஒன்னியக் கேக்காமலே எடுத்தாந்துட்டேம்மா" என்றார். "தப்பா எடுத்துக்காத."

உன் அக்கா,
தாட்சாயிணி